தண்ணீர் வற்றும்வரை காத்திருந்தவர்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, பிக்கரிங்கில் இருக்கும் பிரெஞ்ச்மன்ஸ் பே என்ற குடாவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சட்டிக்கு மூடி போட்டு, மூடியின் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்ட மாதிரி இருக்கும் அது. கிழக்கிலிருந்து ஒரு மணல் திட்டும் மேற்கிலிருந்து ஒரு மணல் திட்டும் நீண்டு வந்து, தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டன. நடுவில் படகுகள் வெளியே போக ஒரு வாய். உள்ளே கோரைப்புல், அன்னங்கள், நிறுத்தி வைத்த பாய்மரப் படகுகள். வெளியே ஒன்ராறியோ ஏரி, கண்ணுக்கெட்டிய தூரம் நீலம். இந்தத் திட்டில் நின்று கூப்பிட்டால் அந்தத் திட்டில் கேட்கும். ஆனால் ரோட்டால் போவதென்றால் குடாவைச் சுற்றி மேலே ஏறி இறங்க வேண்டும். ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடம் இரண்டு பக்கமும் உண்டு. வினை அதில்தான் வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் அக்கா, அத்தானோடு இருந்து ஆய்வுகூட வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிய இன்னும் மூன்று வருடம். அம்மா ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பற்றி எழுதினார். ஒஷாவாவில் வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை, நல்ல இடம், உடனே பதில் போடு. நான் ஒரே பிடியாய் நின்றேன்.

"ஆளை நேரிலை பாத்து ஒரு கேள்வி கேக்காமல் ஓம் சொல்லமாட்டன்."

அத்தான் அதற்குள் அம்மாவுக்கு அனுப்ப ஏரோகிராம் என்ற வான்கடிதத்தை எழுதி முடித்துவிட்டார். ஓமோ இல்லையோ, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். மாப்பிள்ளை திங்கட்கிழமை புது வேலைக்குத் தூர மேற்கில் இருக்கும் எட்மன்டனுக்குப் போகிறார், ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அன்றைக்குச் சந்திக்காவிட்டால் அந்த இடத்தை அத்தானே நிரப்பிவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வரச் சொன்னால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ரொறன்ரோவில் அப்போது தமிழர் வீடுகளே கொஞ்சம்தான், ஒரு வீட்டில் தும்மினால் மற்ற வீட்டில் கேட்கும். அதனால் தற்செயலாகச் சந்திப்பதுபோல் ஒரு பிக்னிக். அத்தான் தொலைபேசியில் வழி சொன்னார். "குடாவுக்கு வாரும் தம்பி. ரோட்டு முடியிற இடத்திலை மணல் இருக்கு, அதாலை நடந்து வாய்க்கு வாரும்."

நாங்கள் காரில் கிழக்குத் திட்டுக்குப் போனோம். அவர் பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து நடந்து, மேற்குத் திட்டின் நுனியில் வந்து நின்றார். கோட், டை, கையில் ஒரு கேக் பெட்டி. நடுவில் தண்ணீர்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். உயரம் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

அக்கா, "காரிலை போய் ஏத்திக்கொண்டு வாங்கோவன்" என்றாள்.

"மாப்பிள்ளை பகுதிதான் பொம்பிளை இருக்கிற இடத்துக்கு வரவேணும். நாங்கள் தேடிப் போனால் மதிப்பில்லை" என்றார் அத்தான். பிறகு வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டார். "தம்பி! இப்ப பெருக்கு! வத்தினாப்போலை நடந்து வாரும்!"

"ஓம் அண்ணை! நானும் அதைத்தான் யோசிச்சனான்! ரெண்டு மணித்தியாலத்திலை வத்தும்!" என்று அங்கிருந்து பதில் வந்தது.

இருவரும் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் ஓரத்தில் வளர்ந்தவர்கள். கடல் வற்றினால் முழங்காலளவு தண்ணீரில் அக்கரைக்கு நடந்துபோய்ப் பழகியவர்கள். அவர் சப்பாத்தைக் கழற்றினார், காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார், கல்லில் உட்கார்ந்தார். நாங்கள் இந்தப் பக்கம் கட்லட் சாப்பிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், நானும் வற்றும் என்றுதான் நம்பினேன். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணித்தியாலம் போனது. இரண்டும் போனது. குச்சி நட்ட இடத்திலேயே தண்ணீர் நின்றது. அத்தானுக்கு ஆறு மணிக்கு வேலை. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு சட்டைப்பையில் இருந்த ஏரோகிராமைத் தடவிப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. முகத்தைக் கழுவக் குனிந்தேன். வாய்க்குள் தண்ணீர் போனது. உப்பே இல்லை!

"அத்தான்! உது கடலில்லை, ஏரி! ஏரி எந்த நாளிலை வத்திப் பெருகினது?"

அத்தான் குனிந்து குச்சியைப் பார்த்தார். "ஏரி எண்டு எனக்குத் தெரியாதோ? எண்டாலும் இவ்வளவு பெரிய தண்ணி, கொஞ்சமெண்டாலும் வத்தத்தானே வேணும்" என்றார்.

அந்த நேரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அலுமினியப் படகில் மீன்பிடித்துவிட்டுக் கரைப்பக்கமாக வந்தார். கை காட்டி நிறுத்தினேன். அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவீர்களா என்று கேட்டேன். ஏறச் சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

"பிள்ளை! பொம்பிளை போறேல்லை! மதிப்பில்லை!" என்று அத்தான் கத்தினார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள். எனக்கோ பயமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. காற்றில் தலைமயிர் பறந்தது, படகு துள்ளியது, நான் உரக்கச் சிரித்தேன்.

அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். மடித்த காற்சட்டை, வெறுங்கால், கையில் கேக் பெட்டி. படகிலிருந்து இறங்காமலே, "இது ஏரி, வத்தாது" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். காது சிவந்தது.

"எனக்கு இன்னும் மூண்டு வருசம் படிப்பு இருக்கு. முடிச்சுப்போட்டுத்தான் எட்மன்டன் வருவன். பொறுப்பீங்களோ?"

அவர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறினார். எதிரே உட்கார்ந்த பிறகுதான் பதில் சொன்னார்.

"வத்தாத தண்ணிக்கு ரெண்டு மணித்தியாலம் பாத்துக்கொண்டு இருந்தனான். வாற உமக்கு மூண்டு வருசம் இருக்கமாட்டனோ?"

திரும்பி வந்ததும் அத்தானின் பையிலிருந்து ஏரோகிராமை நானே எடுத்தேன். விட்டிருந்த இடத்தில் அந்த ஒரு சொல்லை, ஈரக் கையாலேயே எழுதினேன்.