ஷமீமா மேடமும் ஆரம்பாக்கத்து அரை ஏக்கரும்

காலையில் ஷமீமா மேடத்தின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தால் அது பெட்ரித் தட்டின் படமாகத்தான் இருக்கும். ஊரெல்லாம் ரோஜாப்பூ அனுப்பி வணக்கம் சொல்லும்போது, அவர் மட்டும் தட்டில் வளர்ந்த பாக்டீரியாவைப் படமெடுத்து அனுப்புவார். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். அக்கா விடியற்காலை ஃபஜர் தொழுகை நேரத்தில் மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். இறந்த செய்திக்கு மேலேயே, அவர் கடைசியாக அனுப்பிய தட்டின் படம் இருந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. நான் உலோகங்களை அளப்பவன்; அவர் அதே மண்ணில் வாழும் பாக்டீரியாவைப் பார்ப்பவர். மேடத்துக்குச் சொந்த ஊர் பழவேற்காடு; அந்த மீன்பிடி ஊர்க்காரர் ஐஸ் பெட்டியோடு மின்சார ரயிலில் ஏறினால் உள்ளே இறால் தவிர வேறென்ன இருக்கும்? ஒரு பெண்மணி கிலோ என்ன விலை என்று விடாமல் கேட்டிருக்கிறார். மேடம் மூடியைத் திறந்து மண் பைகளைக் காட்டி, மீஞ்சூர் வரும்வரை பாக்டீரியாவைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். அந்த அம்மாள் தன் வீட்டு முருங்கை ஏன் காய்க்கவில்லை என்று கேட்டு, மேடத்தின் போன் நம்பரும் வாங்கிக்கொண்டுதான் இறங்கினாராம்.

இனி சொல்லப்போவது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குப் பாதிதான் தெரியும். ஆரம்பாக்கத்து ஏழுமலை பகலில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அவருடைய அப்பா வாங்கிய அரை ஏக்கர்தான் அவர்களுக்கென்று இருந்த முதல் நிலம். அதில் குரோமியம் அளவுக்கு மீறி இருப்பதாக நான் அறிக்கை கொடுத்தேன். அவர் நாற்று விடுவதை நிறுத்திவிட்டு, நிலத்தைத் தள்ளிவிட புரோக்கரைத் தேடத் தொடங்கினார்.

அவ்வளவு குரோமியம் இருந்தால் மண்ணில் பாக்டீரியா செழிக்காது. மேடம் அதே நிலத்து மண்ணிலிருந்து வளர்த்த தன் தட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் அடுக்கினார். "இன்னா சார், இதுங்க நல்லா சாப்ட்டுக்கினு ஜாலியா கீதுங்க. உங்க மெஷினுதான் பேஜார் பண்ணுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெஷினை முந்தின நாள்தான் சரிபார்த்தேன் என்றேன்.

"மெஷினுக்குப் பசிக்காது சார். பசிக்கிறது பொய் சொல்லாது," என்றார்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் என் கண்ணில் அது பட்டது. வழக்கமான பிளாஸ்டிக் கரண்டி உடைந்துபோனதால் புதுவாயல் கடையொன்றில் பளபளவென்று ஒரு கைக்கரண்டி வாங்கி, அதைக்கொண்டுதான் அந்த நிலத்தில் மண் எடுத்திருந்தேன். அதன் விளிம்பில் பூச்சு உதிர்ந்திருந்தது. அந்தப் பூச்சே குரோமியம்; உதிர்ந்தது மண்ணோடு கலந்திருக்கிறது. இத்தனை வருடம் இந்த வேலையில் இருப்பவன் செய்யக்கூடிய காரியமா இது? பிளாஸ்டிக் கரண்டியால் மறுபடி எடுத்துப் பார்த்ததில் மண்ணில் ஒரு குறையும் இல்லை.

திருத்திய அறிக்கையைச் சத்தமில்லாமல் தபாலில் அனுப்பிவிடலாம் என்றேன். "தபால்ல போட்டா தபால்காரர்தான் மன்னிப்பு கேக்கணும். வாங்க, போலாம்," என்று என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினார்.

ஏழுமலையின் வரப்பில் நான் மேடத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். மேடம்தான் பேசினார். "அண்ணே, உங்க மண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்களுது."

 "நெலத்தப் பாக்கவே பயமா இருந்துச்சு மேடம். எங்க நைனா வாங்குனது," என்றார் ஏழுமலை. அப்புறம் எங்களை நன்றாகவே திட்டித் தீர்த்தார். மேடம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் டீ வந்தது. அந்தப் போகம் கொஞ்சம் தாமதமானாலும் நாற்று விட்டுவிட்டார். திரும்பும் வழியெல்லாம் மேடம், நான் வாங்கிய திட்டை வரி மாறாமல் நடித்துக் காட்டி என்னையும் சிரிக்க வைத்தார்.

திருத்த அறிக்கையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். கரண்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அதனால் நீங்களெல்லாம் அதை எங்கள் இருவரின் தவறு என்றே நினைத்தீர்கள்; நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நேரில் போய் நின்று சொல்லும் துணிச்சல்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அதற்கும் எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அவருடைய தட்டுகள் சரியாகத்தான் இருந்தன. தப்பு என்னுடையது மட்டும்தான்.