ஞாயிற்றுக்கிழமை உலையில் ஒரு தண்டு

இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த கணபதி, எண்ணெய் போடும் ஆளாகத் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்து, இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் ஆனவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. மிச்சத்தை இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிக் கற்றார். 1956இல் அந்த வேலையே கையைவிட்டுப் போக இருந்தது.

கொழுந்து உருட்டும் ரோலரின் தண்டு முறிந்துவிட்டது. நிக்கலும் குரோமியமும் கலந்த உருக்கு. புதியது சீமையிலிருந்து வர நாலு மாதமாகும். கணபதி வெல்டிங் செய்து பூட்டினார். பன்னிரண்டாம் நாள் மறுபடி முறிந்தது. இன்னொரு தடவை முறிந்தால் கணபதி மலைக்கு மண்வெட்டியோடு போகலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார்.

ஸ்டோர் வேலைகளுக்குப் பொறுப்பான டீமேக்கர் கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். "உன்ர ஒட்டு ரெண்டு கிழமைகூடத் தாங்கேல்லையே, கணபதி?"

"ஒட்டு ஒடையலீங்க ஐயா. அரை அங்குலம் தள்ளி ஒடஞ்சிருக்கு. அரத்தைப் போட்டுப் பாருங்க."

ஒட்டின்மேல் அரம் கடித்தது. முறிந்த இடத்தில் கண்ணாடிமேல் ஓடுவதுபோல வழுக்கியது; அங்கே இரும்பு அவ்வளவு கெட்டியாகியிருந்தது.

கணபதிக்குக் காரணம் விளங்கியது. முதலில் ஒட்டிய அன்று மாடியில் கொழுந்து வாடித் தயாராகிவிட்டது. அதற்குமேல் வைத்தால் கெட்டுப்போகும். அந்த அவசரத்தில் சூடான ஒட்டை ஈரச் சாக்கால் சுற்றி ஆற்றியிருந்தார். சாதா இரும்பு அதைப் பொறுக்கும். இந்த உருக்கு சட்டென்று ஆறினால், ஒட்டின் ஓரம் விறைத்து நொறுங்கும்.

"தப்பு என்னுதுதாங்க."

டீமேக்கர் தம்மிடமிருந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொன்னார். ஒட்டிய பிறகு அறுநூறு டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி, இரண்டு மணி நேரம் அப்படியே வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். விறைப்பு தணியும், உருக்கை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் இறுக்கமும் தளரும்.

"அறுநூறை எதால அளப்பாய்? எங்கட தெர்மாமீட்டர் நூற்றைம்பதோட நிண்டிடும்."

துத்தநாகம் நானூற்றிருபதிலும் அலுமினியம் அறுநூற்றறுபதிலும் உருகும் என்று அதே கையேட்டில் இருந்தது. அலுமினியம் உருகும் தறுவாயில் சூட்டை நிறுத்தினால் சரி. கணபதி துத்தநாகத்துக்கு டார்ச் பேட்டரியின் தகட்டையும் அலுமினியத்துக்கு உடைந்த கரண்டியின் துண்டையும் எடுத்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. சனிக்கிழமைக் கொழுந்து காய்ந்து முடிந்ததும் தேயிலை காயவைக்கும் உலை சும்மா கிடக்கும். காலையில் வீட்டிலிருந்து அவர் இரண்டு அகல் விளக்குகளோடு கிளம்பியதும் மனைவி அங்கம்மா சிரித்தாள்.

"சோறு வேகுற வரைக்கும் பொறுக்காத மனுசன், இரும்பை வேக வைக்கப் போறீகளாக்கும். வெளக்கு எதுக்கு? அதுக்குத் தீபம் காட்டவா?"

இந்த முறை தண்டைச் சூடாக்கிக்கொண்டே ஒட்டினார். ஆறவிடாமல் உலைக்குள் வைத்து, பக்கத்தில் அந்தத் துண்டுகளை இட்ட இரண்டு அகல்களையும் வைத்தார். துத்தநாகம் சீக்கிரமே உருகியது. தண்டில் மங்கலான சிவப்பு ஏறியது. ஒருமுறை கரண்டித் துண்டின் ஓரம் தொய்யத் தொடங்கியதும் இரண்டு விறகுகளை வெளியே இழுத்தார். இரண்டு மணி நேரம் உலைக்கதவின் பார்வைத் துவாரத்தைவிட்டு நகரவில்லை. பிறகு கதவை மூடி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் டீமேக்கர் வந்தார். "திறந்து பாப்பமோ?"

"கதவு இன்னும் சுடுதுங்க ஐயா. இன்னிக்கு எடுக்குற கொழுந்தை நாளைக்குத்தானே உருட்டணும்?"

சாயந்தரம் எடுத்தபோது ஒட்டின் ஓரத்திலும் அரம் கடித்தது. ரோலர் ஓடியது. பன்னிரண்டாம் நாள் கணபதி அதை நிறுத்தி, தண்டில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத் தூளைப் பூசினார். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். தூள் வெள்ளையாகவே இருந்தது. துரையும் குனிந்து பார்த்து, சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

செப்டெம்பரில் சீமைத் தண்டு வந்தது.

"மாத்துவமோ?" என்றார் டீமேக்கர்.

கணபதி மறுபடியும் தூள் பூசிப் பார்த்தார். "இது ஓடட்டுங்க ஐயா. புதுசுக்குக் கிரீஸ் பூசி வச்சிடுறேன்."