பென்சிலால் எழுதிய பியூஸ் கட்டை

என் மேசைமேல், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சுடாத பியூஸ் கட்டை ஒன்று இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டுகள் இருக்கும் பக்கம் போனால் பியூஸ் கட்டைகள் காலில் இடறும். ஆனால் அவை சூளையில் வெந்து வெள்ளையாகிப் போனவை. இது பச்சை மண். தொட்டால் விரலில் மாவு ஒட்டும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மூன்று வருடங்களாக நான் இதைப் பொத்திப் பாதுகாப்பதற்குக் காரணம் இதன் அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரு வரி. பொடி எழுத்தில், பென்சிலால் எழுதிய வேதியியல் சமன்பாடு. எழுதியவர் என் அண்ணி.

அதை நான் பார்த்த மதியம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் கடைசி வருடப் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு ஆகாது. அண்ணி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போனேன். கை கழுவப் போயிருந்தார். அவர் பலகையில் அடுக்கி வைத்திருந்த கட்டைகளில் ஒன்றைச் சும்மா புரட்டினேன். அடியில் எழுத்து. இன்னொன்றைப் புரட்டினேன், அதிலும். ஒரு பலகை முழுக்க பிளஸ் டூ வேதியியல் பரவிக் கிடந்தது. திரும்பி வந்த அண்ணி பதறவில்லை. "கீழ வையி பாப்பா. சூளைக்குப் போனா பென்சிலு எரிஞ்சிடும், ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். கல்யாணமாகி இங்கே வேலைக்கு வந்ததிலிருந்தே என்று சாதாரணமாகச் சொன்னார். ஐந்து வருடங்கள். தினமும் எழுதி, தினமும் எரியவிட்டு, மறுநாள் மறுபடி எழுதியிருக்கிறார். மறக்காமல் இருக்க வேறு வழி தெரியவில்லையாம். ஒரு கட்டையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இந்த ஜூனில் அண்ணி கல்லூரிக்குப் போகிறார்.

பிளஸ் டூ முடித்தபோதே அவருக்கு விருத்தாசலம் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதே மாதம் எங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனார்கள். இந்த வருடம் கல்யாணம் ஆகட்டும், அடுத்த வருடம் படிக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடம் குழந்தை வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும்தான் எடுக்கவில்லை. அவர் சமைத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு மூன்று வருடம் அதே ஊர்க் கல்லூரிக்குப் போய் வந்தவள் நான். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

விண்ணப்பத்தை என் போனிலேயே போட்டேன். வீட்டில் சொன்னபோது அம்மா, நாத்தனார் என்றால் அண்ணியை அடக்கி வைப்பாள், என் வீட்டில்தான் எல்லாம் தலைகீழ் என்றார். களிமண் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிற அண்ணன் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ரெண்டு பேரும் காலேஜுக்குப் போங்க, நான் வூட்ல சோறாக்கறேன்" என்றான். "உப்பு அளவா போடுங்க" என்று மட்டும் அண்ணி சொன்னார். அடுத்த பத்து நாட்கள் எனக்குத் திருவிழா. என் பழைய நோட்டுகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் புது நோட்டு செய்தேன். ஆய்வகக் கோட்டு வாங்கினேன், பஸ் நேரம் குறித்தேன். வருகைப் பதிவின்போது எப்படிக் குரல் கொடுக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன். குழந்தை பெற்றவளுக்குக் குரல் கொடுக்கத் தெரியாதா என்று அண்ணி சிரித்தார்.

முதல் பட்டியலில் பெயர் வரவில்லை. மீதி இடங்களுக்கு நேரில் வரச் சொல்லி ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் பெய்த மழையில் சிமெண்ட் ஷீட் ஒழுகி, சான்றிதழ்ப் பை நனைந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல் உறைக்குள் இருந்ததால் தப்பியது. டி.சி. மட்டும் சொதசொதவென்று ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் எது நனைந்தாலும் சூளைக்குத்தான் போகும். ஸ்கூல் ஷூ, தலையணை, பிழிந்த வடகம், எதுவானாலும் சூளைமேல் பலகை போட்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். நானும் அதைத்தான் செய்தேன். டி.சி.யைப் பலகைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு பக்கமும் பியூஸ் கட்டையை வைத்தேன். அன்றைக்குச் சூளையை முழுச் சூட்டுக்கு ஏற்றப் போகிறார்கள் என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது காகிதம் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. எடுத்ததும் மடிப்பில் இரண்டாக ஒடிந்தது. பள்ளி முத்திரை தெரிந்தது, வரிசை எண் தெரிந்தது. தலைமையாசிரியர் கையெழுத்து வெளிறிப் போயிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணி இரண்டு துண்டுகளையும் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "சூளைக்காரங்க வூட்டுப் பொண்ணு நீ. எது எந்தச் சூட்டைத் தாங்கும்னு தெரிய வேணாமா?" என்றார். பிறகு, "நம்பரு தெரியுது. நாளைக்குப் போறோம்" என்றார்.

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அப்பளம் கொண்டாந்திருக்கீங்க?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. வழியும் அவரே சொன்னார். டி.சி. தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து, போலீஸ் ஸ்டேஷனில் சீட்டு வாங்கி, பள்ளியில் நகல் வாங்கி வரலாம். எப்படியும் இரண்டு வாரம் ஆகும். ஆனால் சேர்க்கை அன்று மாலை நான்கு மணியோடு முடிகிறது. எனக்கு அப்போது ஒரே வெறி. தொலைந்தது என்று எழுதி இப்போதே கொடுத்தால் இடத்தை நிறுத்தி வைப்பார்களா என்று கேட்டுக்கொண்டே வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்துவிட்டேன். பாதி வரியில் அண்ணி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார்.

"தொலையல. கையில வெச்சிக்கிட்டுத் தொலைஞ்சதுன்னு எழுதுவியா? பொய் எழுதி உள்ள போனா, நாளைக்கு அதையே புடிச்சி வெளிய தள்ளுவாங்க."

எழுத்தர் பொறுமையாக, அடுத்த வருடம் வாங்கம்மா, காலேஜ் எங்கே போய்விடப் போகிறது என்றார்.

"காலேஜு எங்கயும் போவாது சார். நான்தான் போயிடுவேன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியும் அடுத்த வருஷம்னுதான் சொன்னாங்க" என்றார் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் வரிசையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவர் கவுண்டரை விட்டு நகரவில்லை. முதல்வரைப் பார்க்க வேண்டும் என்றார். முதல்வர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். காத்திருக்கிறேன் என்று முதல்வர் அறை வாசலிலேயே நின்றார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்த முதல்வரிடம் அண்ணி இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். என்ன நடந்தது என்று உள்ளபடியே சொன்னார். என்னை மட்டும் காட்டிக் கொடுக்கவில்லை, "காய வெக்கும்போது எரிஞ்சிடுச்சி மேடம்" என்றார். பள்ளியில் டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டை இருக்கும், இதே எண் அதிலும் இருக்கும், நான்கு மணிக்குள் தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கி வந்தால் ஏற்பீர்களா என்று கேட்டார். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. வாருங்கள் என்றார்.

பள்ளி இருந்தது அண்ணியின் அம்மா ஊரான கருவேப்பிலங்குறிச்சியில். பஸ்ஸை நம்ப முடியாது. அண்ணி அண்ணனுக்குப் போன் செய்தார். கெஞ்சவில்லை, வண்டியோடு கல்லூரி வாசலுக்கு வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். யூனிட்டில் இறக்க வேண்டிய களிமண் மூட்டைகளோடு அப்படியே வந்தான். வழியெல்லாம் லோடு இறங்காததற்கு முதலாளி என்ன சொல்வார் என்று புலம்பினான், ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. தலைமையாசிரியர் அடிக்கட்டையைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடிதத்தில் முத்திரை குத்தும்போது, நீ அந்த வேதியியல் பொண்ணுதானே என்றார். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி வந்து கல்லூரிப் படியேறும்போது நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அதே எழுத்தர்தான் ரசீது போட்டார். வரிசையில் ஒருவரும் இல்லை.

முதல் நாள் காலை அண்ணன் சோறாக்கினான். உப்பு அதிகம். அண்ணி முழுவதும் சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்று வருடமும் காலையில் வகுப்பு, மாலையில் யூனிட். அம்மா ஒருநாள்கூடப் புகழவில்லை. பரீட்சை நாட்களில் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

இப்போது அந்தப் படிப்பு முடிந்துவிட்டது. போதும் என்கிறார்கள். சொந்தத்தில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இதற்குமேல் படித்து என்ன ஆகப்போகிறது என்று அம்மா தினமும் கேட்கிறார். சிதம்பரத்தில் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது, திங்கட்கிழமை சேர்க்கைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை அண்ணியே தன் போனில் விண்ணப்பம் போட்டார், சரிபார்த்தது மட்டும்தான் நான். சான்றிதழ்கள் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டியை நான் தொடக்கூடாது என்பது உத்தரவு.

நேற்று அண்ணி மேசையிலிருந்த டப்பாவைத் திறந்து கட்டையைக் கையில் எடுத்தார். இன்னுமா வைத்திருக்கிறாய் என்று கேட்பார் என நினைத்தேன். அடிப்பக்கத்தைப் படித்துப் பார்த்தார். சமன்பாட்டில் ஒரு எண் தவறாம். ஐந்து வருடம் பாடம் கேட்காமல் எழுதினால் அப்படித்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்துத் திருத்தினார். பிறகு யூனிட்டில் முத்திரை போடுகிற கறுப்பு மையைக் கொண்டுவரச் சொன்னார். அந்த மை சூளையில் எரியாது. பென்சில் வரிமேல் அதை வைத்து மெதுவாக எழுதினார், ஒவ்வொரு எழுத்தாக. வெள்ளிக்கிழமைச் சூளையில் கட்டை வேகிறது. முழுச் சூடு எப்போது என்று இந்தத் தடவை கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் சிதம்பரத்துக்குப் போகிறோம்.