சிவப்புத் துணி கட்டிய குச்சிகள்

ஒரு முழ நீள வேப்பங்குச்சி, நுனியில் சிவப்புத் துணி. கோடையில் எங்கள் கண்மாய் வற்றி, வண்டல் அள்ள ஜேசிபி இறங்குவதற்கு முன் நான் நட்டுவைக்கும் அடையாளம் அது. அடியில் பாலாமை படுத்திருக்கிறது, அங்கே வாளியைப் போடாதே என்று அர்த்தம். தவளையும் தண்ணீர்ப்பாம்பும் வண்டிச் சத்தத்துக்கே ஓடிவிடும். ஆமை மட்டும் மழை வரட்டும் என்று சேற்றுக்குள் அசையாமல் கிடக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று என் வண்டி இறங்காத கண்மாய் வாடிப்பட்டிப் பக்கம் கிடையாது. லேசான மேட்டையும் ஒரு கீறலையும் வைத்தே ஆமை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவேன். அந்தக் கண் வேறு யாருக்கும் இல்லை என்று டீக்கடையில் நானே சொல்வதுண்டு. பொய்யில்லையே.

என் மனைவியின் தம்பி வேலையில்லாமல் திரிந்தவன். லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து அவனை வண்டியில் ஏற்றியவன் நான். குச்சியில் படாமல் அவன் வாளியைத் திருப்பும் அழகைப் பார்த்து, "மாப்ள, எனக்கடுத்து நீதாண்டா" என்றேன். "இம்புட்டு ஆமைக்கும் நம்மதான் காவல் மச்சான்" என்று சிரித்தான்.

போன கோடையில் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போய்த் திரும்பினேன். குச்சி நின்ற இடமெல்லாம் மண்வெட்டிக் குழி. ஓர் ஆமைகூட இல்லை. அவன் ஓட்டும் வண்டியின் டூல் பாக்ஸைத் திறந்தேன். சேறு காயாத சாக்குகள், குப்பென்று ஆமை வாடை.

ஆமைகளைத் தோண்டிக் கறிக்கு விற்றது யார் என்று கரையில் ஊர் கூடிக் கேட்டபோது அவன் முந்திக்கொண்டான்: "எது எங்க கெடக்குன்னு மச்சானுக்குத்தானே தெரியும்? எனக்கு எப்புடிண்ணே தெரியும்?" சாக்கைத் தூக்கிக் காட்டினேன். "வண்டியும் அவருதுதானே" என்றான். டீக்கடையில் என் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்: "குச்சி நட்டது நீங்கதானே?" ஆமாம், நான்தான். அவன் அவள் தம்பி. இன்றும் என் வண்டியைத்தான் ஓட்டுகிறான்.

இந்தக் கோடையில் கோரைப்புல் பக்கம் ஒரே ஒரு மேடும் கீறலும் கண்ணில் பட்டது. குச்சி நடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. மண் அள்ளி முடிகிறவரை தினமும் அதன்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் மச்சான் இந்த வெயில்ல காயிறீங்க? நெழலுக்கு வாங்க" என்று வண்டியிலிருந்து கத்தினான்.

"சும்மாதான் மாப்ள. நீ அந்தப் பக்கமா அள்ளு" என்றேன்.