விழும்போது கனமில்லை

அண்ணன் தென்னை மரத்திலிருந்து விழுந்த அன்று நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆய்வகத்தில் இருந்தேன். ஈர்ப்பு விசைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்றால் கதை விடுகிறேன் என்பீர்கள். இல்லை, அன்று லென்ஸ் சோதனை. அண்ணி போனில், "அம்மிணி, உங்கண்ணன் மரத்துல இருந்து வுழுந்துட்டாரு" என்று சொன்னதும் கையிலிருந்த லென்ஸை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.

பாலசமுத்திரத்தில் அண்ணனுக்குக் கொஞ்சம் தென்னை உண்டு. மரம் ஏறுகிறவர் இரண்டு வாரமாக வரவில்லை என்று, ஐம்பத்து மூன்று வயதில் அவரே ஏறிவிட்டார். உச்சியில் காய்ந்த மட்டையைப் பிடித்திருக்கிறார். அது கையோடு வந்துவிட்டது. காலையில் தண்ணீர் பாய்ச்சியிருந்ததால் மரத்தடி சேறாகக் கிடந்தது. உயிர் தப்பியது அதனால்தான். இடுப்பெலும்பில் விரிசல், வலது குதிகால் நொறுங்கிவிட்டது. மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார் டாக்டர்.

பகலில் படுத்தறியாத மனிதர் அவர். சனிக்கிழமைதோறும் பழனி பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். சுவரைப் பார்த்தபடி கிடப்பார். அண்ணி சோறு பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய்தான். என்னிடம் பஸ்ஸில் கூட்டமா என்று கேட்பதோடு சரி.

நான்காவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கேட்டார்.

"ஏம்மிணி, இருவது வருசமா பிசிக்ஸ் நடத்தறயே. இந்த பூமி நம்மள எப்புடி இழுக்குது?"

அவர் வாய் திறந்ததே எனக்குச் சந்தோஷம். நிறை, தூரம், விதி என்று வகுப்பில் சொல்வதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இது எவ்வளவு இழுக்குதுங்கற கணக்கு. நான் எப்புடின்னு கேட்டேன். கயிறு இல்ல, கையில்ல. எதப் புடிச்சு இழுக்குது?"

அடுத்த வாரம் தயாராகப் போனேன். ஒரு போர்வையை அண்ணியும் நானும் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தோம். நடுவில் ஒரு தேங்காயை வைத்தேன். போர்வை குழிந்தது. ஓரத்தில் எலுமிச்சம்பழத்தை விட்டேன். அது உருண்டு போய்த் தேங்காயில் முட்டியது.

"பூமி இப்படித்தான் தன்னச் சுத்தியிருக்கற வெளியை வளைக்குதுண்ணா. பள்ளத்துல மத்ததெல்லாம் உருளுது."

அண்ணன் எலுமிச்சையைக் கை காட்டினார்.

"பள்ளத்துல அது ஏன் உருளுது? கீழ பூமி இழுக்கறதாலதானே? இழுப்ப வெச்சே இழுப்ப வெளக்குனா எப்புடி அம்மிணி?"

அண்ணி சிரித்துவிட்டார். ஒரு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ வருடம் வகுப்பில் இதே போர்வையை விரித்திருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர்களும் கேட்கவில்லை, நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் பரணிலிருந்து கல்லூரிப் புத்தகங்களை இறக்கினேன். பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்த பக்கங்கள். இந்த முறை நிதானமாகப் படித்தேன். ஒரு இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போனதும் கேட்டேன். "அண்ணா, விழும்போது எப்படி இருந்துச்சு?"

அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அண்ணி செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தினார்.

"மட்ட கையோட வந்துருச்சு. அப்பறம் ஒண்ணுமே இல்ல அம்மிணி. ஒடம்பே இல்லாத மாதிரி. யாரும் என்ன இழுக்கல. தரதான் வந்து அடிச்சுது." என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பூமி இழுத்துருச்சுங்கறாங்க. எனக்கு அப்புடித் தெரியலியே. தலையிலயும் அடி பட்டு, புத்தி கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டுக் கெடக்கறேன்."

அவர் சுவரைப் பார்த்துக் கிடந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகலண்ணா. நீங்க சொல்றதுதான் சரி. விழறவனுக்குக் கனம் தெரியாது. நிக்கறவனுக்குத்தான் தெரியும், தரை அவனத் தாங்கிப் புடிக்குதில்ல, அதனால."

பிறகு நான் படித்ததைச் சொன்னேன். மரத்தின் உச்சியில் ஒரு கடிகாரமும் அடியில் ஒன்றும் வைத்தால், அடியில் இருப்பது இம்மியளவு மெதுவாக ஓடும். மிக நுட்பமான கடிகாரங்களால் அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பூமி நேரத்தையும் சேர்த்து வளைத்திருப்பதால், தடுக்க ஆளில்லாத பொருளுக்குத் தரையை நோக்கிப் போவதுதான் நேர்வழி. எவ்வளவு புரிந்ததோ, கண்ணை மூடாமல் கேட்டார்.

"சரி, பூமி அதை எதுக்கு வளைக்கணும்?"

"தெரியாதுண்ணா."

"உனக்கா, ஒருத்தருக்குமேவா?"

"எவ்வளவு வளையும்னு கணக்கு துல்லியமா வருது. ஏன் வளையணும்னு இன்னும் ஒருத்தருக்கும் தெரியல."

இருபது வருடத்தில் பாடம் பற்றித் தெரியாது என்ற வார்த்தையை நான் சொன்னது அன்றுதான். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அண்ணன் தலையாட்டிவிட்டு, "சோறு போடு" என்றார் அண்ணியிடம். அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். இப்போது லேசாக விந்தி நடக்கிறார். மரம் ஏறுவதில்லை.

நான் வகுப்பில் விதியையும் கணக்கையும் முடித்த பிறகு, இதுவரைதான் தெரியும், இதற்கு மேல் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. "அது பரீட்சைக்கு வருமா மிஸ்?" என்று கேட்கிறார்கள். வராது என்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு இருப்பவர்களும் ஒன்றிரண்டு பேர் உண்டு.