நாலு பீங்கானும் ஒன்றாக வரட்டும்

கரடியனாற்றில் ஒரு வளவில் பிறந்து, யுத்தம் இழுத்துக்கொண்டு போன சில மாதங்கள் தவிர அதே வளவில் வாழ்ந்து, அங்கேயே கண்மூடிய எங்கள் அம்மாவைப் பற்றி இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி, அண்ணன் என்னிடம் தாளைத் தந்து ஒரு கிழமையாகிறது. பொறுமை, ஈகை, விருந்தோம்பல் என்று அம்மாவின் நற்குணங்களை ஒரு துண்டுத் தாளில் குறித்தும் தந்தார். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் எழுத உட்காரும் போதெல்லாம் எனக்குச் செங்கலடிச் சந்தியில் இருந்த ஒரு சாப்பாட்டுக்கடைதான் கண்ணுக்குள் வருகிறது. அண்ணனின் துண்டு எங்கோ தவறிவிட்டது. அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்து அம்மாவின் வீட்டுக்கு வந்தவர் அப்பாதான். பனிச்சங்கேணியில் வாவிக்கரையில் வளர்ந்த மனிதர். வயல் வட்டைக்குள் வந்து வேளாண்மை செய்யத் தொடங்கிய பின்னும், சாகும்வரை மீனைப் பற்றியே கதைத்தார். வீடும் வளவும் அம்மாவின் பெயரில் இருந்தன. அந்த வீட்டில் எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிட்டவரும் அம்மாதான். அப்பாவுக்கும் வந்தவர்களுக்கும் முதலில் சோறு போடுவார், பிறகு எங்களுக்கு. நாங்கள் கை கழுவி எழும்பிப் போன பிறகு, குசினியில் பலகைக்கட்டையில் இருந்து சட்டியின் அடியில் மிஞ்சியதைக் குழைத்துச் சாப்பிடுவார். இதை யாரும் அவருக்கு விதிக்கவில்லை. ஊரில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது. அதனால் அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

அண்ணன் வந்தாறுமூலையில் கம்பஸில் படித்த வருடங்களில் எங்கள் குடும்பம் இரண்டு துண்டாக இருந்தது. செங்கலடியைத் தாண்டிப் பதுளை வீதியில் வருகிற பாலத்துக்கு மேற்கே இயக்கத்தின் ஆட்சி, கிழக்கே இராணுவத்தின் ஆட்சி. நாங்கள் மேற்கே. அண்ணன் வீட்டுக்கு வந்தால் திரும்பிப் போக விடுவார்களா என்று ஒரு பயம், வராமல் அங்கேயே நின்றால் யாராவது பிடித்துப் போவார்களா என்று வேறொரு பயம். அதனால் அவர் வீட்டுக்கு வருவதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் நானும் பாலம் கடந்து செங்கலடிக்குப் போவோம். அவர் கம்பஸில் இருந்து சைக்கிளில் வருவார். நால்வரும் அந்தச் சாப்பாட்டுக்கடையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அவரவர் பக்கம் திரும்புவோம்.

அந்தச் சனிக்கிழமைகள் இப்போது எனக்கு ஒன்றோடு ஒன்று கலந்துபோய்க் கிடக்கின்றன. விடியற்காலையில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியது எந்தச் சனி, மழையில் நனைந்துகொண்டு போனது எந்தச் சனி என்று பிரிக்க முடியவில்லை. பனிப்புகார் வயலின் மேல் இறங்கி நிற்கும். மாடுகளின் தலை மட்டும் தெரியும். அம்மா மடியில் கடை முதலாளிக்குக் கொடுக்கும் எருமைத்தயிர்ச் சட்டியை வைத்துக்கொண்டு, குலுங்கும் பெட்டியில் குலுங்காமல் இருப்பார். பாலத்தடிச் சோதனைச் சென்றியில் இறங்கி வரிசையில் நிற்போம். சட்டியின் வாயைக் கட்டியிருந்த தாளைக் கழற்றச் சொல்லி, அங்கு நிற்பவர் தயிருக்குள் ஒரு குச்சியைக் குத்திப் பார்ப்பார். அப்பால் போனதும் அம்மா வீதியோரத்தில் குந்தியிருந்து, கொண்டுவந்த கரண்டியின் முதுகால் அந்தக் குழியை மெதுவாகத் தடவி மூடுவார். கடைக்குப் போய்ச் சேரும்போது தயிர் காலையில் இருந்தபடியே இருக்கும். குத்திய தயிரைக் கடைக்காரத் தம்பிக்குக் கொடுப்பது எப்படி என்பது அவருடைய கவலை.

அம்மாவை அக்கா என்று கூப்பிடும் அந்த முதலாளியின் கடை அப்படியொன்றும் பெரிதல்ல. நீலச் சுவர், ஆறு மேசை, கறி வைத்த கண்ணாடி அலுமாரி. ஒரு பக்கச் சுவர் முழுக்க நீளமான முகக்கண்ணாடி ஒன்று இருந்தது. நாங்கள் அதன் எதிரே உள்ள மேசையில்தான் இருப்போம். இம்மலரில் பல படங்களைச் சேர்த்திருக்கிறோம். நாங்கள் நால்வரும் ஒன்றாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை என்பதை வாசிப்பவர்கள் கவனிப்பீர்கள். நாங்கள் நால்வரும் ஒன்றாக இருந்ததை அந்தக் கண்ணாடியில் மட்டும்தான் நான் கண்டிருக்கிறேன். ஆவி படிந்து, ஓரத்தில் ரசம் போய், நாங்கள் தண்ணீருக்குள் இருந்து சாப்பிடுவது போலத் தெரியும்.

முதல் தடவை போனபோது நடந்ததைச் சொன்னால் அம்மாவைத் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். சோற்றுப் பீங்கான்களைக் கொண்டுவந்தார்கள். அம்மா எழும்பினார். பரிமாறியவரின் கையில் இருந்து கறிக் கோப்பையை வாங்கி, அப்பாவின் சோற்றில் இறால் குழம்பை ஊற்றத் தொடங்கினார். அடுத்த மேசைக்காரர்கள் பார்த்தார்கள். அப்பா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, தனக்கும் இந்தப் பெண்மணிக்கும் சம்பந்தம் இல்லாதவர் போல் இருந்தார். முதலாளி எழும்பி வந்தார்.

“அக்கா, நீங்க இரிங்க. இது எங்கட வேல.”

“எனக்குப் பிறகு வைங்க தம்பி. இவங்க முதல்ல தின்னட்டும்.”

“இஞ்ச அப்பிடி இல்ல அக்கா. ஒரு மேசை எண்டா எல்லாருக்கும் ஒண்டாத்தான் வைப்பம்.”

அம்மா இருந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்து, வாசலுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டார். கையைச் சோற்றில் வைத்துவிட்டு வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சாப்பிட்டார். அடுத்த சனிக்கு இரண்டு நாள் முன்பே சேலையைத் தோய்த்துக் காயப்போட்டார். அம்மாவுக்குக் கடைச்சோறு பிடித்துவிட்டது என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

ஒரு சனி மட்டும் கலக்காமல் தனியாக நிற்கிறது. அன்று பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய அண்ணன் வரவில்லை. ஒரு மணிக்கும் வரவில்லை. வந்தாறுமூலைப் பக்கம் சுற்றிவளைப்பு என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். அப்பா வெளியே போய் வீதியைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தார். மேசையில் நாலு பீங்கான்கள் வெறுமையாக இருந்தன. சாப்பிட வந்தவர்கள் இடமில்லாமல் நின்றார்கள். முதலாளி ஒரு தடவைகூட எங்களை எழும்பச் சொல்லவில்லை.

மூன்று மணியளவில் அப்பா தாங்காமல் சொன்னார்.

“இஞ்சருங்க, புள்ளையாவது தின்னட்டும். அஞ்சு மணிக்குப் பாலம் பூட்டிருவானுகள்.”

“அவன் வரட்டும்.”

“வராட்டி?”

அம்மா தனக்கு முன்னால் இருந்த பீங்கானைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அப்பாவுடையதை, என்னுடையதை, அண்ணனுக்கு வைத்ததை. துடைத்து முடிந்ததும் மீண்டும் முதலில் இருந்து தொடங்கினார். எனக்குப் பசியில் வயிறு எரிந்தது. அம்மாமேல் கோபம் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அண்ணன் வராமல் போகலாம் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. நான்காவது பீங்கானை அவர் கடைசிவரை எடுத்து அப்பால் வைக்கவில்லை என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

நாலு மணி தாண்டி, சைக்கிள் இல்லாமல், ஒரு காலில் செருப்பும் இல்லாமல் அண்ணன் நடந்து வந்தார். காலையில் இருந்து ஒரு வெளியில் குந்த வைத்திருந்து, பிறகு விட்டார்களாம். அம்மா அழவில்லை. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதலாளியின் பக்கம் திரும்பி, “தம்பி, இப்ப வைங்க. நாலு பீங்கானும் ஒண்டா வரட்டும்” என்றார்.

ஆறிப்போன சோறு, ஆறிப்போன மீன் குழம்பு, பருப்பு, அப்பளம். பத்து நிமிடத்தில் சாப்பிட்டோம். நான் தலை நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை சோற்றில் இருந்தது, கண் எங்கள் மேல் இருந்தது. அண்ணனைப் பார்ப்பார், அப்பாவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒரு வாய் எடுப்பார். அன்று அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். வீட்டில் அவர் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை. பாலம் பூட்டுவதற்குள் முதலாளி தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் எங்கள் மூவரையும் பாலத்தடியில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அம்மா வெயில் சாய்ந்துகொண்டிருந்த வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சில வருடங்களின் பின் எல்லோரும் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினோம். முகாமில் ஒரு கூடாரத்தில் இருந்தோம். அண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார். அங்கே அம்மாவுக்குக் குசினி இல்லை. ஆளுக்கொரு சோற்றுப் பார்சலாக ஒரே நேரத்தில் கிடைத்தது. வாய்க்கு விளங்காத சோறுதான். ஆனாலும் அம்மா அங்கே நன்றாகச் சாப்பிட்டார். கொஞ்சம் உடம்பு வைத்தது என்றுகூட அப்பா கேலி செய்தார். ஏன் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் யுத்தம் ஓய்ந்ததும் வீடு திரும்பினோம். அப்பா காலமானார். அண்ணன் நகரத்தில் வேலை எடுத்தார். எனக்குக் கலியாணமாகி, வழக்கப்படி அம்மாவுடனேயே இருந்தேன். அம்மாவுக்குக் கடைச்சோறு என்றால் உயிர் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம் அல்லவா? அண்ணன் வரும்போதெல்லாம் செங்கலடிக் கடையில் இருந்து பார்சல்களோடு வருவார். அம்மா அவற்றை அவிழ்த்து, என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் பங்கிட்டு, சம்பல் இடித்து, அப்பளம் பொரித்து, உப்புக்கு எழும்பி, தண்ணீருக்கு எழும்பி, கடைசியில் குசினியில் இருந்து இரண்டு வாய் சாப்பிட்டு மூடிவைப்பார். அந்தக் கடையின் ருசி கெட்டுவிட்டது என்று அண்ணன் வேறு கடைக்கு மாறினார். பிறகு நகரத்தில் இருந்து புரியாணி, பிறகு கொத்துரொட்டி. எத்தனை கடை மாறினோம் என்று நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. கடையை மாற்றிப் பார்த்த எங்களுக்கு, அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றவில்லை. வயதான மனிதரை ஏன் அலைக்கழிப்பான் என்று நினைத்தோம்.

சென்ற வருடம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது, செங்கலடியில் இறங்குவோமா என்று அவராகவே கேட்டார். பழைய கடை அங்கே இல்லை. கண்ணாடியை யாரோ வாங்கிப் போனார்களாம். பக்கத்தில் இருந்த வேறொரு கடையில் இருந்தோம். என் பீங்கான் முதலில் வந்தது. நான் கை வைக்கப் போனேன். “பொறு மனே, மற்றதும் வரட்டும்” என்றார். எங்கள் பக்கத்தில் மகளும் ‘மனே’தான். வந்தது. மெதுவாக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, முழுச் சோற்றையும் சாப்பிட்டார்.

“அப்பிடி என்னம்மா இரிக்கி இந்தக் கடைச்சோத்தில?” என்று கேட்டேன்.

“கடைச்சோத்தில என்ன மனே இரிக்கி? உப்புக் கூட. பருப்புத் தண்ணி.”

“அப்ப ஏன் அந்த நாளையில அவ்வளவு விருப்பமா வந்தீங்க?”

“இஞ்ச எண்டா உங்கட முகத்தப் பாத்துத் தின்னலாம். வீட்டில நான் உங்கட பீங்கானத்தானே பாக்கிற.”

சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார்.

அதன் பிறகு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசை. ஓரிரு தடவை கையைப் பிடித்து எங்களோடு இருத்தினேன். ஒரு வாய் எடுப்பதற்குள் உப்புக்கு எழும்பிவிடுவார். நானும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதங்களில் அவர் படுக்கையில் விழுந்தார். கஞ்சியைக் கரண்டியால் பருக்கினோம். அவர் பக்கத்தில் ஒருவர் இருக்க, மற்றவர் போய்ச் சாப்பிட்டு வந்தோம். அவருடைய சொந்த வீட்டில், எங்கள் எல்லோரோடும் ஒன்றாக இருந்து, ஒரு நேரச் சோற்றை முழுதாக அவர் சாப்பிட்டதில்லை. இந்தக் குறை என்னுடையது.

அம்மாவின் நோயில் கைகொடுத்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், தூரத்தில் இருந்து வந்து தோள் கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும், தள்ளாத வயதில் வந்து வாசலில் இருந்துவிட்டுப் போன அந்தக் கடைக்காரத் தம்பிக்கும் எங்கள் நன்றி. அவர் பழைய பழக்கத்தில் எங்கள் நால்வரையும் தேடியதை நான் கண்டேன். இருவர்தான் நின்றோம்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் முப்பத்தோராம் நாள், அம்மாவுக்கான அமுதுச் சடங்கு நடக்கும். படையல் முறைப்படியே வைக்கப்படும். அதன்பின் மதியச் சாப்பாட்டில் மட்டும் ஒரு மாற்றம். மேசைகளை எதிரெதிராகப் போட்டிருக்கிறோம். வீட்டுப் பெண்களும் உங்களோடுதான் இருப்பார்கள். பரிமாற ஆள் வரவில்லையே என்று குறை நினைக்க வேண்டாம். எல்லோரும் இருந்த பிறகு எல்லாப் பீங்கான்களும் ஒன்றாக வரும். கறிச் சட்டிகளும் தண்ணீரும் உப்பும் மேசையிலேயே இருக்கும், கையை நீட்டினால் எட்டும். யாரும் எழும்ப வேண்டாம்.