உள்ளங்கையில் ஏறிய லைசென்ஸ்

2005-ல் மரக்காணம் பஜாரில் நான் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். காதுகுத்துப் பத்திரிகை ஒன்றுக்கு ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த மத்தியானம், கிளியனூரிலிருந்து போன்.

“ஏம்மா, மருதாணி டிசைன் பேப்பர் அடிச்சது நீதானே? யாரு இந்த ஜுலைகா? நாளைக்கு எம்பொண்ணுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையோட அம்மா வந்து உக்காந்துக்கிட்டு கல்யாணமே வேணாங்கிறாங்க!”

பின்னால் யாரோ விசும்புவது கேட்டது.

ஜுலைகா அக்கா எங்கள் ஊரில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுகிறவர். உப்புப் பாத்தி மாதிரி கட்டம் கட்டமாக இழுத்து, நடுவில் உப்புக் குவியல் மாதிரி புள்ளி வைப்பார். அது அவரே கண்டுபிடித்த டிசைன். பாண்டிச்சேரிப் பக்கம் யாரோ அதை அப்படியே புத்தகத்தில் போட்டு, பின்னட்டையில் ‘எல்லா உரிமைகளும் எங்களுக்கே’ என்று அச்சடித்துவிட்டார்கள். சில வாரம் முன்பு அக்கா அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“கேஸு கீஸெல்லாம் வேணாம்டி. எல்லாரும் போட்டுக்கட்டும், எனக்கென்ன குறைஞ்சா போவுது? ஆனா ஜுலைகா டிசைன்னு தெரியணும். தெரிஞ்சாத்தானே நாலு வீட்ல கூப்பிடுவாங்க?”

எனக்கு ஒரே குஷி. காப்பிரைட்டை முழுசாகப் பூட்டி வைக்காமல், ‘எடுத்துக்கோ, யார் செய்ததென்று மட்டும் சொல்லு’ என்று படைத்தவரே எழுதிக் கொடுக்கும் ஓப்பன் லைசென்ஸ் பற்றி அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தேன். டிசைன்களை ஸ்கேன் செய்து, கீழே தடித்த எழுத்தில் போட்டேன்: ‘இதை யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜுலைகா என்று பெயர் போட வேண்டும்.’ அதற்குக் கீழே கடை நம்பர். பேப்பர் கிளியனூர் வரைக்கும் பறந்துவிட்டது.

போனை வைத்ததும் அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

கல்யாணப் பொண்ணு ஷமீமா உள்ளங்கையை விரித்தபடி அழுதுகொண்டிருந்தாள். பாத்தி டிசைன் சிவக்கச் சிவக்கப் பிடித்திருந்தது. நடுவில், பூவுக்குள்ளே, அழகாக ‘ஜுலைகா’.

“எம்புள்ள பேரு அன்சாரி,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “இவ கையில ஜுலைகான்னு இருக்குது. துபாய்ல எவளையாவது வச்சிருக்கானா? அதைத்தான் குத்திக் காட்றீங்களா?”

மருதாணி போட்டுவிட்ட ஷமீமாவின் அக்காக்காரி பேப்பரை நீட்டினாள். “பேர் போடணும்னு கவர்மென்ட் நோட்டீஸாட்டம் எழுதியிருந்துச்சு மாமி. போடலைன்னா கேஸு ஆயிடுமோன்னு பயந்து போட்டேன்.”

எனக்குச் சுரீரென்றது. மருதாணியில் ‘பேர் போடுறது’ என்றால் ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை பேரைப் பொண்ணு கையில் ஒளித்து எழுதுவது. கம்ப்யூட்டரில் டைப் அடித்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஜுலைகா அக்கா துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் போனார். “மாமி, நல்லா பாத்துக்குங்க. நான்தான் ஜுலைகா. மூணு புள்ள பெத்தாச்சு. உங்க மகனை நான் பார்த்ததுகூட இல்ல.”

அந்த அம்மா அக்காவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஷமீமாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

ஜுலைகா அக்கா புது மருதாணிக் கோனின் நுனியை வெட்டினார். எழுத்தைச் சுற்றிப் பாத்தி பாத்தியாக அடைத்து நிரப்பினார். ஜுலைகா மறைந்தே போனார். மணிக்கட்டில் பொடி எழுத்தில் அன்சாரி வந்தார்.

அதன்பிறகு எந்த லைசென்ஸையும், யாருக்காக எழுதினேனோ அவர்களிடம் வாசித்துக் காட்டாமல் நான் பிரிண்ட் கொடுத்ததில்லை. சட்டம் எனக்குப் புரிந்தால் போதாது, கோன் பிடிக்கிற கைக்குப் புரியணும். அடுத்த பேப்பரில் மாற்றினேன்: ‘புத்தகத்தில் அச்சிட்டால், டிசைன்: ஜுலைகா, மரக்காணம் என்று குறிப்பிடவும். கையில் எழுத வேண்டாம்.’

“அப்பாடா, இனிமே எந்த மாமியாரும் என்னைத் தேட மாட்டாங்க,” என்றார் அக்கா.

தேடிக்கொண்டுதான் வந்தார், அதே அன்சாரியின் அம்மா, தன் மகள் கல்யாணத்துக்கு. “நீயே வந்து போடும்மா. ஆனா லைசென்ஸை வூட்லயே வச்சிட்டு வா.”